தோணியில் கடைசி நாள்

நாலு ஆண்பிள்ளைகள் சேர்ந்து மீன் பிடிக்கப் புறப்பட்டால் வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "பாசார்ல போய் வாங்கினா அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கு நாலு நாள் லீவா?" என்றுதான் என் மனைவியும் கேட்டாள். நியாயமான கேள்விதான். ரயில் டிக்கெட், அரிசி, மண்ணெண்ணெய், தூண்டில் சாமான் என்று நாங்கள் செய்த செலவைக் கூட்டிப் பார்த்தால், வீடு வந்து சேர்ந்த மீன் கிலோ என்ன விலை ஆயிற்று என்று வெளியில் சொல்ல முடியாது. அதிலும் நான் கடைசி நாளில் வெறுங்கையோடு திரும்பியவன். அந்த வெறுங்கை நாளைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

1985-ஆம் ஆண்டு. மெர்டேகா தினம் அந்த வருடம் சனிக்கிழமையில் வந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லீவு கேட்டு வாங்கிக்கொண்டால், ஞாயிறு வரை நாலு நாள் கிடைக்கும். பகாவ் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து நாலு பேர் கிளம்பினோம். எங்கள் பெயர்கள் எதற்கு? தோட்டத்தில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? செய்கிற வேலைதான் பெயர். நான் தமிழ்ப்பள்ளியில் வாத்தியார். ஆபீசில் கணக்கெழுதியவர் கிராணி. செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டியவர் டிரைவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, ஊசி குத்தியவர் டிரெசர். நாலு பேரும் ஒரே லயத்து முற்றத்தில் கோலி விளையாடி வளர்ந்தவர்கள். ஆகையால் ஒருவரை ஒருவர் 'நீ' என்றுதான் பேசிக்கொள்வோம்.

இந்தப் பயணத்துக்கு யோசனை சொன்னவன் நான். காரணம் டிரெசர்.

பத்து மாதத்துக்கு முன்புதான் அவன் மனைவி காய்ச்சலில் கண்மூடியிருந்தாள். ஒன்பது வயதில் ஒரு பையன், நாலு வயதில் ஒரு பெண். வீட்டில் கண்பார்வை மங்கிப்போன தாயார். காலையில் பெரட்டுக்குச் சங்கு ஊதும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய உத்தியோகம் அவனுக்கு. பெண்குழந்தை பாதி நாள் அடுத்த வீட்டிலும் பாதி நாள் ஆயாக் கொட்டகையிலுமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஈப்போவில் அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மா ஒருவர் இருந்தார். மணமாகிப் பல வருடமாகியும் மடி நிறையாதவர். "சின்னவளை எனக்குக் கொடுத்துவிடு, என் மகளாகவே வளர்க்கிறேன்" என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

டிரெசர் ஒரு பதிலும் சொல்லாமல் மாதக்கணக்கில் இருந்தான். நான் சும்மா இருக்கவில்லை. வாத்தியார் ஆயிற்றே! "ஆம்பளை ஒருத்தன் பெண்பிள்ளையை எப்படிப்பா வளர்ப்பே? தலை சீவி விடுவாயா? வயசுக்கு வந்தா என்ன செய்வே? அங்கே போனா ராணி மாதிரி இருக்கும்" என்று எடுத்துச் சொன்னேன். நாலு பேர் நடுவில் சொன்னேன். கடைசியில் அவன், "நீயே எழுதிடு" என்று காகிதத்தை என்னிடம் நீட்டினான். ஈப்போவுக்குக் கடிதம் எழுதிய கை என்னுடையது. செப்டம்பர் 2, திங்கட்கிழமை, பெரியம்மா வந்து குழந்தையை அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் நாலு நாள் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனால் மனசு கொஞ்சம் திடப்படும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்துக்கு எப்போது குறைச்சல்?

நாங்கள் போன இடம் பகாங் மாநிலத்தில் உள்ள தாசேக் பெரா. பகாவில் ரயிலேறித் திரியாங்கில் இறங்கி, அங்கிருந்து டிரைவருக்குத் தெரிந்த ஒருவருடைய லோரியில் செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். தீபகற்ப மலேசியாவில் இயற்கையாக அமைந்த நன்னீர் ஏரிகளில் அதுதான் பெரியது. ஏரி என்றதும் வட்டமாக ஒரு நீர்ப்பரப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். கைவிரல்களை விரித்து வைத்தாற்போல் கிளை கிளையாகப் பிரிந்து, காட்டுக்குள் நுழைந்து, சதுப்பில் மறைந்து, மறுபடியும் வெளிப்பட்டு, முடிவில் வடக்கே ஓடிப் பகாங் ஆற்றில் கலக்கிறது. கரையோரமெல்லாம் ரசாவ் என்னும் தாழை இனம் புதர் புதராய் நிற்கும். அதன் நடுவே ஒரு தோணி மட்டும் நுழையக்கூடிய சந்துகள். தண்ணீரோ பாலில்லாத கோப்பி நிறம். காட்டு இலைகள் விழுந்து ஊறி ஊறி அந்த நிறம். கையில் அள்ளினால் தெளிவாகத்தான் இருக்கும்.

அங்கே காலங்காலமாக வாழ்கிறவர்கள் செமலாய் என்னும் பூர்வகுடி மக்கள். அவர்களில் வயதான ஒருவர் தம் குடிசையில் எங்களுக்கு இடம் கொடுத்து, இரண்டு தோணிகளையும் கொடுத்தார். அவரைப் பாச்சிக் என்று கூப்பிட்டோம். ஒரு தோணியில் நானும் டிரெசரும். பின்னால் துடுப்போடு பாச்சிக். மற்றதில் கிராணியும் டிரைவரும். அவர்களுக்குப் பாச்சிக்கின் தம்பி மகன். தோணி என்றால் ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. அகலம் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் முழங்கை இடிக்கும் அளவுதான். ஊறும் தண்ணீரை இறைக்க கிராணி தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பால் மங்கு ஒன்று. டிரெசருக்கு நீந்தத் தெரியாது. நாலு நாளும் அவன் இரண்டு கையாலும் தோணியின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தான்.

முதல் நாளே பாச்சிக் எங்களைக் காட்டுக்குள் அழைத்துப் போய் ஒரு குருயிங் மரத்தைக் காட்டினார். அடிமரத்தில் பொந்து போல் வெட்டி, அதற்குள் தீ மூட்டி அணைத்தால் எண்ணெய் சுரக்கும். சில நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்வார்கள். தோணியின் வெடிப்பை அடைக்கவும், பந்தம் கொளுத்தவும், விற்கவும் உதவும். "நாமும் மரத்தைக் கீறிப் பிழைக்கிறோம், இவரும் மரத்தைக் கீறித்தான் பிழைக்கிறார்" என்றான் கிராணி. "இவருக்குப் பெரட்டும் இல்லை, தண்டலும் இல்லை" என்றான் டிரைவர். பாச்சிக்குக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. இருந்தாலும் கூடச் சிரித்தார்.

அன்று திரும்பி வரும்போது அவர் ஒவ்வொருவரிடமும் எத்தனை பிள்ளைகள் என்று மலாயில் விசாரித்தார். நான் மூன்று என்றேன். டிரைவர் நாலு என்றான். கிராணி, "கல்யாணமே இப்பத்தான் ஆச்சு" என்று நெளிந்தான். டிரெசர், "ஒரு பையன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், "பரவாயில்லை, மனசைப் பழக்கிக்கொள்கிறான்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் பாச்சிக் குடிசையில் தங்கிவிட்டார். அவர் தம்பி மகனோடு நான் மட்டும் போனேன். குறுகலான ஒரு வாய்க்காலில் ரசாவ் புதருக்குப் பக்கத்தில் தண்ணீர்மேல் தூறல் விழுவதுபோல் புள்ளி புள்ளியாய்த் தெரிந்தது. வானத்திலோ மேகமே இல்லை. கிட்டே போனால் செக்கச் சிவந்த ஒரு பந்து நீருக்குள் உருள்கிறது. அத்தனையும் தோமான் மீனின் குஞ்சுகள்!

தோமானைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பிரசவமான பெண்களுக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் புண் ஆறுவதற்காகச் சமைத்துக் கொடுக்கிறோமே, ஆருவான், நம் ஊரில் விரால் என்பார்களே, அதற்கு அண்ணன் முறை. ஆள் பெரியவன், முரடன். நீருக்குமேல் வந்து காற்றை விழுங்கித்தான் மூச்சுவிடும். குஞ்சுகளும் அப்படித்தான். அதனால்தான் அந்தத் தூறல். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாகத் திரள, ஆணும் பெண்ணும் அடியில் காவல் நிற்கும். அந்தத் திரளின்மேல் எது விழுந்தாலும் எதிரி என்று பாயும். பசியால் பாய்வதில்லை, ஆத்திரத்தால் பாயும். இது தெரிந்த தூண்டில்காரனுக்கு அதைவிட லேசான மீன் வேறில்லை.

எனக்குத் தெரிந்திருந்தது. சிவப்புப் பந்தின் நடுவில் தகர ஸ்பூனை வீசினேன். இரண்டாவது வீச்சிலேயே தண்ணீர் வெடித்தது. அரைமணி நேரப் போராட்டம். ஸ்டோரில் கட்டிப்பால் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றைக் கிராணி கொண்டுவந்திருந்தான். நாலரைக் கிலோ காட்டியது. புளியும் மிளகாயும் போட்டு டிரைவர் வைத்த குழம்பை இன்று நினைத்தாலும் நாக்கில் நீர் ஊறும். பாச்சிக் தம் பங்கை வாங்கிக்கொண்டு, எங்கே பிடித்தது என்று கேட்டார். இடத்தைச் சொன்னேன். "குஞ்சு இருந்ததா?" என்றார். "நிறைய!" என்றேன் பெருமையாக. அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடித்தார். என் திறமையை மெச்சுகிறார் என்று அந்த மௌனத்துக்கு நான் பொருள் செய்துகொண்டேன்.

அடுத்த இரண்டு நாளும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு நாள் மழை. மறுநாள் டிரான்சிஸ்டரில் மெர்டேகா பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே சின்னச் சின்ன மீன்களாகப் பிடித்து உப்புப் போட்டு பிஸ்கட் தகரத்தில் அடைத்தோம். இனி அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன்.

ஞாயிறு. விடியும் முன்பே விழிப்பு வந்தது. ஏரிமேல் பனி படுத்துக் கிடந்தது. எதிர்க்கரைக் காட்டில் ஊங்கா குரங்குகள் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தன. டிரெசரின் பாய் காலியாக இருந்தது. துறைக்குப் போய்ப் பார்த்தால், தோணி கட்டியிருந்த கட்டையில் உட்கார்ந்திருந்தான்.

"தூங்கலையா?"

"தூங்கினேன்."

"நாளைக்கு அவங்க மத்தியான பஸ்சுலதான் வருவாங்க. காலையில பிள்ளையோட இருக்கலாம்."

"உம்."

அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அடுப்பை மூட்டிக் கோப்பி கலக்கினேன். டின் பாலை ஊற்றி நாலு மங்கில் கொடுத்தேன். கிராணி எழுந்ததுமே கணக்கைத் திறந்துவிட்டான். "டிரைவர் பதினாலு, நான் பதினொண்ணு, டிரெசர் ஆறு. வாத்தியார் ஒண்ணு. அதையும் தின்னாச்சு. வீட்டுக்குப் போய் வாத்தியார் எதைக் காட்டப் போறார்?"

அது உண்மை. நாலரைக் கிலோ பிடித்தேன் என்று நான் சொன்னால் என் மனைவி நம்புவாளா? சாட்சி சொல்ல மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் மூன்று பேருமே தூண்டில்காரர்கள்! மாலை ரயிலுக்கு முன்னால் இன்னொரு பெரிய மீனைப் பிடித்தே தீருவது என்று எனக்கு வீம்பு ஏறிவிட்டது. கடைசி நாள் என்றால் மனிதனுக்கு ஏனோ அப்படி ஒரு வேகம். மூன்று நாள் வராத அறிவு நாலாம் நாள் வருவதில்லை. ஆசை மட்டும் வருகிறது.

ஏழு மணிக்கெல்லாம் தோணிகள் கிளம்பின. கிராணியும் டிரைவரும் திறந்த நீர்ப்பக்கம் போனார்கள். எங்கள் தோணி ரசாவ் சந்துகளில் நுழைந்தது. பாச்சிக்கின் துடுப்பு தண்ணீரில் இறங்கும்போதும் ஏறும்போதும் சத்தமே கேட்காது. நான்தான் ஓயாமல் வீசி, சுற்றி, வீசி, சுற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டரை மணி ஆயிற்று. ஒன்றும் இல்லை. தூரத்தில் டிரைவர் ஏதோ பிடித்துக் கூச்சல் போடுவது கேட்டது. பொறுக்க முடியாமல், இன்னும் எட்டி வீசலாம் என்று எழுந்து நின்றேன்.

தோணியில் எழுந்து நிற்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் மளமளவென்று உள்ளே புகுந்தது. டிரெசர், "ஐயோ!" என்று என் காலைக் கட்டிக்கொண்டான். பாச்சிக் பின்னால் எதிர்ப்பக்கம் உடலைச் சாய்த்து, துடுப்பை ஊன்றி எப்படியோ நிமிர்த்தினார். என் தூண்டில் பெட்டியும் கட்டிக்கொண்டு போன சோறும் போன இடம் தெரியவில்லை. பாச்சிக், "உட்கார்" என்று ஒரே சொல்தான் சொன்னார். டிரெசர் நடுங்கும் கையால் பால் மங்கை எடுத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தான். இறைத்துக்கொண்டே, "நான் போயிட்டா ரெண்டும் அநாதைதான்டா, வாத்தியாரே" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் குறுகிப்போயிற்று.

திரும்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில்தான் அந்த வாய்க்கால் வந்தது. முதல் நாள் சாயந்திரம் நான் வந்த அதே இடம். சாய்ந்து கிடந்த ஒரு பட்டமரத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். அதற்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் அதே தூறல். அதே சிவப்பு. ஆனால் பந்து முன்பு பார்த்ததைவிடச் சிறுத்திருந்தது. முன்பு தாம்பாளம் அகலம் இருந்தது இப்போது சாப்பாட்டு மங்கு அளவுதான்.

என் கையில் கோல் இருந்தது. நுனியில் ஸ்பூன் தொங்கிக்கொண்டிருந்தது. சற்றுமுன் பட்ட வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ! கை தானாகவே பின்னால் போயிற்று.

"ஜாங்ஙான்" என்றார் பாச்சிக்.

வேண்டாம் என்று பொருள்படும் அந்த ஒரு மலாய்ச் சொல்லை அதட்டலாகச் சொல்லவில்லை. குழந்தை அடுப்புக்குக் கிட்டே போனால் பாட்டி சொல்வாளே, அந்த மாதிரி. துடுப்பைத் தண்ணீரில் நிறுத்தித் தோணியை அசையாமல் பிடித்துக்கொண்டார். "பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தெரியாது. சிவப்புப் பந்து புதரோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு கரிய நிழல் கூடவே நகர்ந்தது. பந்து நின்றால் நிழல் நின்றது. குஞ்சுகள் மேலே வந்து காற்று வாங்கியபோது நிழலும் ஒரு முறை மேலே வந்தது. முதுகு தெரிந்தது. நான் பிடித்ததற்குக் கொஞ்சமும் குறையாத மீன். மீன்கொத்தி ஒன்று ரசாவ் மட்டையிலிருந்து சாய்ந்து இறங்கியது. அது நீரைத் தொடுவதற்குள் கீழிருந்து தண்ணீர் எம்பியது. பறவை அலறிக்கொண்டு திரும்பிவிட்டது. குஞ்சுகள் கலைந்து, மறுபடி ஒன்று சேர்ந்தன. நிழல் அவற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்தது.

"முன்னே இரண்டு இருந்தது" என்றார் பாச்சிக். யார் பிடித்தது என்று சொல்லவில்லை.

டிரெசர் முதல் முறையாகத் தோணி விளிம்பிலிருந்து கையை எடுத்திருந்தான். குனிந்து அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாச்சிக், இது தாயா, தகப்பனா?" என்று கேட்டான்.

பாச்சிக் கொஞ்சம் யோசித்தார். "தண்ணீரில் இருக்கும்போது எனக்குத் தெரியாது. ஒன்றுதான் இருக்கிறது. அது பார்த்துக்கொள்கிறது."

இதையும் பிடித்துவிட்டால் குஞ்சுகள் என்னாகும் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். மற்ற மீன்களும் பறவைகளும் ஒரே நாளில் முடித்துவிடும் என்றார். என் கோலை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று நாளைக்கு முன் அந்தக் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவன் நான். நாலரைக் கிலோ என்று தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்.

தோணி திரும்பியது. வழியில் பேச்சில்லை. துறை கண்ணுக்குத் தெரியும்போது டிரெசர் பின்பக்கம் திரும்பாமலே மலாயில் சொன்னான்: "பாச்சிக், எனக்குப் பிள்ளைகள் இரண்டு. ஒரு பையன், ஒரு பெண். அவர்கள் அம்மா இல்லை."

பாச்சிக், "இரண்டு" என்று திருப்பிச் சொன்னார். துடுப்பு போட்டுக்கொண்டே இருந்தார்.

பத்து மணிக்கு மற்றத் தோணியும் வந்தது. டிரைவர் முழங்கை நீளத்துக்கு ஒரு பாவுங் பிடித்திருந்தான். கிராணி அந்த மீனோடு சேர்த்து என் பெட்டி முழுகிய கதையையும் வாங்கிக்கொண்டு, ஊர் வரைக்கும் அதற்குக் கைகால் வைத்துச் சொல்வதற்குத் தயாராகிவிட்டான். மிச்சமிருந்த அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் பாச்சிக்கிடம் கொடுத்தோம். பணத்தைக் கேட்டு வாங்காமல், கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். டிரெசர் தன் பையிலிருந்த புண்மருந்தும் கட்டுத்துணியும் அவர் கையில் வைத்து, எப்படிப் போடவேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். அங்கிருந்து திரியாங், திரியாங்கிலிருந்து ரயில்.

ரயிலில் கிராணியும் டிரைவரும் தூங்கிவிட்டார்கள். டிரெசர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பிக்கொண்டே போயின.

"நாளைக்கு அண்ணி வந்தா பிள்ளையை அனுப்பப் போறதில்லை" என்றான்.

எனக்கு எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் வாய் பழைய பாட்டையே பாடியது. "யோசிச்சுச் சொல்லு. மீனைப் பார்த்து முடிவு செய்யலாமா? பொம்பளைப் பிள்ளை. தலைபின்னக்கூட உனக்குத் தெரியாது."

"கத்துக்கிட்டாப் போச்சு. ஊசி குத்தக் கத்துக்கிட்டேனே" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "மீனைப் பார்த்து முடிவு செய்யலை. முடிவு செய்யாமலேதான் இத்தனை மாசமும் இருந்தேன். நீங்க எல்லாரும் செஞ்சீங்க. நானும் சரின்னேன்" என்றான்.

அந்த 'நீங்க எல்லாரும்' என்பதில் முதல் ஆள் யார் என்று எனக்குத் தெரியும். பத்து மாதத்தில் அவனுக்கு ஆயிரம் சொன்னேன். உனக்கு என்ன விருப்பம் என்று ஒரு தடவை கேட்டதில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பெரியம்மா வந்தார். கடிதம் எழுதியவன் நான்; ஆகவே முன்னால் போய் நின்று, "தப்பு என்மேல்தான், அம்மா" என்று சொல்லவேண்டியவனும் நான்தான். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கொண்டுவந்த பையைத் திறந்து, கையாலே தைத்த ஐந்து கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். "அளவு தெரியாம கொஞ்சம் பெரிசா தைச்சேன். வளர்ந்தா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்சுக்கு நடந்துபோனார். ஒரு தோமானைக் காப்பாற்றப் போய் இன்னொரு நெஞ்சில் தூண்டிலை மாட்டிவிட்டேனே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பிள்ளையைச் சொந்தத்தில் கொடுப்பது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி வளர்ந்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பெற்றவனிடம் கேளாமல், வளர்க்கப் போகிறவளின் ஆசையை வளரவிட்டு, வழியில் நின்ற மூன்றாவது மனிதன் தீர்ப்புச் சொன்னேனே, அதுதான் தவறு. நம் தோட்டங்களிலும் கம்பங்களிலும் இப்படித் தீர்ப்புச் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. மனைவியை இழந்தவனைப் பார்த்தால் ஒரு தீர்ப்பு. கணவனை இழந்தவளைப் பார்த்தால் இன்னொரு தீர்ப்பு. அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தோணியை நிறுத்திப் பத்து நிமிடம் பார்க்க மட்டும் நமக்கு நேரம் இருப்பதில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டிரெசர் தலைபின்னக் கற்றுக்கொண்டான். ஆரம்பத்தில் அந்தக் குழந்தையின் வகிடு செம்மண் பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும். லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு உதவிக்கும் வந்தார்கள். என் மனைவிதான் முதலில் போனாள். 1988-இல் அவள் முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது ஈப்போ பெரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் புதிதாய்த் தைத்த பள்ளிச் சீருடை. இந்த முறை அளவு சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளி விடுமுறையும் அந்தப் பெண்ணுக்கு ஈப்போவில்தான்.

தாசேக் பெரா 1994-இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் இடம் அதுதான். விவரமறிந்த தூண்டில்காரர்கள் பலர் இப்போது குஞ்சோடு திரியும் தோமானைத் தொடுவதில்லை. தவறிப் பிடித்தாலும் விட்டுவிடுகிறார்கள். எல்லாரும் அப்படி என்று சொல்ல முடியாது. எங்கள் லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பட்டணத்தில் இருக்கிறோம். தீபாவளிக்கு ஒருவர் வீட்டில் ஒருவர் கூடுவோம். கிராணி இன்றைக்கும் என் பெட்டி முழுகிய கதையைச் சொல்லுவான். அதில் இப்போது ஒரு முதலையும் வந்துவிட்டது.

போன தீபாவளிக்கு டிரெசர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவன் மகளுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது; இரண்டு பிள்ளைகள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து, பேத்தியை முன்னால் நிறுத்தி, சீப்பும் கையுமாக இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மும்முரமாகப் பின்னிக்கொண்டிருந்தார்.

பின்னல் நன்றாகத்தான் இருந்தது. வகிடு மட்டும் இன்னமும் கோணல்.